கைராசிக்காரி

இந்த வாட்ஸ்அப் குழுவில் நம் வயதுக்காரர்கள் எல்லோரும் தோட்டத்தில் இறங்கிவிட்டீர்கள். ஓய்வு பெற்ற மறுநாளே மாடிக்குத் தென்னைநார்க் கழிவு மூட்டை ஏறிவிடுகிறது. ஒருத்தி நாலு வெண்டைக்காய் பறித்துவிட்டு நாற்பது படம் அனுப்புகிறாள். ஒருவர் தக்காளிச் செடிக்குப் பேத்தியின் பெயரையே வைத்திருக்கிறார். அனுப்புங்கள், பார்க்கிறேன், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே யாராவது "உங்களுக்குக் கைராசி" என்று எழுதினால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. போன மாதம் அந்த வார்த்தையைப் படித்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தவள்தான், இரண்டு நாள் எடுக்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆலங்குடிக்குக் கிழக்கே, பஸ் திரும்புகிற கடைசி ஊர் எங்களுடையது. வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தி. அப்பா உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். அவர்களுக்குக் கல்யாணம் ஆகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. இரண்டு வீடு தள்ளி அத்தை இருந்தாள், அப்பாவுக்கு மூத்தவள், நாலு பிள்ளை பெற்றவள். சாப்பாடும் தூக்கமும் அவள் வீட்டில், அதிகாரம் எல்லாம் எங்கள் வீட்டில்.

எங்கள் கொல்லை அப்போது வெறும் சரளைக்காடு. கிளுவை வேலி, துணி காயப்போட ஒரு கம்பி, உடைந்த உரல், மூலையில் ஒரு பலாமரம். என்னைப் பெற்ற வருடம் நட்ட மரம் அது. எங்கள் பக்கம் வேலிக்கு வேலி பலா காய்த்துத் தொங்கும், எங்கள் மரம் மட்டும் இலையாக உதிர்த்துக்கொண்டு நிற்கும்.

ஆனி மாதம் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. கார்த்திகையில் வருகிறாராம், இந்த முறை இரண்டு மாத லீவாம். மறுநாள் காலையில் சித்தி கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"அங்கிட்டு மணலையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போயி வாராங்க. வாரப்பக் கொல்லை பச்சையா இருக்கணும்க்கா" என்று அம்மாவிடம் சொன்னாள்.

ஒரு மாதம் அவள் பட்ட பாடு இருக்கிறதே! கூடை கூடையாகச் சரளை பொறுக்கி வேலிக்கு வெளியே கொட்டினாள். குளிக்கிற தண்ணீர் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை வாய்க்கால் வெட்டிக் கொல்லைக்குத் திருப்பினாள். ஆட்டுப்புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் சுமந்து வந்து கொட்டிக் கிளறினாள். சவுக்குக் கம்பு ஊன்றிப் பந்தல் போட்டாள். சித்தப்பா போன லீவில் கொண்டுவந்த பால்பவுடர் டின் ஒன்று இருந்தது. மஞ்சள் டின், அதில் கொழுத்த பசு ஒன்றின் படம். அதன் அடியில் ஆணியால் முப்பது ஓட்டை போட்டுப் பூவாளி ஆக்கினாள். அதில் தண்ணீரை மொண்டு தூக்கினால் ஓட்டில் தூறல் விழுகிற சத்தம் கேட்கும். புது மண்ணில் அந்தத் தண்ணீர் பட்டதும் எழும்பிய வாசனை, புழுக்கையும் சாம்பலும் ஈரமும் கலந்தது, எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. டின் எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று விதை ஊன்ற வேண்டும். சித்தி கிண்ணத்தில் விதைகளை எடுத்து வைத்திருந்தாள். வெள்ளைக் கீற்று விழுந்த கருத்த அவரை, சொரசொரப்பான புடலை, பால்பல் மாதிரிச் சுரை, கருகருவென்று பீர்க்கு. பாத்தி ஓரம் உட்கார்ந்து முதல் குழியைத் தோண்டினாள். அத்தை வந்துவிட்டாள்.

"நீ ஊன்னாதடி. வயித்துலயே ஒண்ணு தங்கல, மண்ணுல போட்டாத் தங்கவா போகுது? சின்னப்புள்ள கையி, அதுதான் ராசி. ஏ புள்ள, இங்கிட்டு வா."

இதைச் சத்தம் போட்டோ சண்டையாகவோ அவள் சொல்லவில்லை. உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி எழுந்து கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் விதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஊன்றினேன். ஊன்றியது மட்டுமா? தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு குழியையும் விரலால் தோண்டி, முளைத்துவிட்டதா என்று எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைத்தேன். ஒரு வாரத்தில் அத்தனை விதையும் சொதசொதவென்று அழுகி நாறியது.

அடுத்து வந்த ஆடி வெள்ளியில் எல்லோரும் அம்மன் கோயிலுக்குப் போனார்கள். என் காலில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். சித்தி வீட்டுக்குத் தூரம் ஆகிப் பின்பக்கச் சார்ப்பில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று நாளும் பெண்கள் காய்கறிச் செடிப்பக்கம் போகக்கூடாது, நிழல் பட்டாலே கருகிவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் நொண்டிக்கொண்டே போய்ப் பாத்தியைத் தோண்டிக்கொண்டிருந்ததைச் சித்தி பார்த்துவிட்டாள்.

"அடி ஆத்தா! தெனம் தோண்டிப் பாத்தா எப்புடி மொளைக்கும்? ஒன்னயத் தூங்கவிடாம மணிக்கொரு தரம் போர்வையத் தூக்கித் தூக்கிப் பாத்தா நீ சும்மா இருப்பியா?"

அப்படிச் சிரித்தாள் அவள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு வேலிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நாலு வகை விதையும் இருந்தது. எதற்காக முடிந்து வைத்திருந்தாளோ தெரியாது. அழுகியதை எல்லாம் வழித்து எறிந்துவிட்டு, பாத்தி பாத்தியாகக் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு விதையாக ஊன்றி, மேல்மண்ணைத் தூக்கம் வராத குழந்தையின் முதுகைத் தட்டுவது போல் தட்டிவிட்டாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் கொல்லை முழுவதையும் ஊன்றி முடித்துவிட்டாள்.

"யாருட்டயும் சொல்லிராத" என்றாள், கையைக் கழுவிக்கொண்டே. "ஒனக்குப் பேரு, எனக்குக் காயி. சரியா?"

சரி என்று தலையாட்டினேன். நல்ல பேரம்தான்.

ஆறாம் நாள் மண் வெடித்தது. அவரை கழுத்தை வளைத்துக்கொண்டு வந்தது, சுரை விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தது. ஒரு குழி தவறவில்லை. அத்தை பார்த்துவிட்டு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "கைராசிக்காரிடி நீ! நான் சொல்லல?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

அதன்பிறகு என் காட்டில் மழை. இந்த வீட்டில் மிளகாய் போட வேண்டும், அந்த வீட்டில் பூசணி போட வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போவேன். விதையைப் போட்டுவிட்டு வறுத்த முந்திரியோ கடலை உருண்டையோ வாங்கிக்கொண்டு வருவேன். சந்தேகம் வந்து யார் கொல்லையையும் தோண்டிப் பார்க்கவில்லை, அந்தப் பாடம் படித்தாகிவிட்டது. போட்டது பாதி முளைத்தாலும் என் ராசி என்றார்கள், முளைக்காவிட்டால் எறும்பு தின்றுவிட்டது என்றார்கள். கணக்கில் நாற்பது மார்க்கைத் தாண்டாத கணக்கு வாத்தியார் மகள் நான். அதுவரை எனக்கு ஊரில் இருந்த பெயர் அது ஒன்றுதான்.

புரட்டாசி முடிவதற்குள் கொல்லையை அடையாளம் தெரியவில்லை. அவரை பந்தலை மூடி ஊதாவாகப் பூத்தது. பீர்க்கு வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது. புடலம்பிஞ்சு சுருண்டுவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் சித்தி சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவாள். பந்தலுக்குள் நான் ஓடினால் கற்கள் ஒவ்வொன்றாக நெற்றியில் வந்து இடிக்கும். பின்னால் வைத்த வாழைக்கும் மிளகாய்க்கும் நடுவே நடைபாதை விட்டு, முன்பு பொறுக்கிக் கொட்டிய சரளையிலிருந்தே கூழாங்கல்லாகப் பார்த்து ஓரத்தில் வரிசை வைத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அத்தையும் அப்பாவும் பின்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இந்த லீவுலயே முடிச்சிரணும்டா" என்றாள் அத்தை. "திருவரங்குளத்துப் பக்கம் பொண்ணு பாத்து வச்சிருக்கேன். இவள ஊர்ப் பெரியவங்கள வச்சுப் பேசித் தீத்துவிட்டுருவோம். அஞ்சு வருசம் பொறுத்தாச்சு."

"அவன் வரட்டும்க்கா" என்றார் அப்பா.

சுவருக்கு அந்தப் பக்கம் தூறல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். சித்தி ஒரே மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். செடி அடியில் சேறாகி, அவள் பாதம் புதைந்திருந்தது.

கார்த்திகையில் சித்தப்பா வந்தார். அத்தர் வாசனை, டேப்ரெக்கார்டர், எனக்கு ஒரு பெட்டி மிட்டாய். கொல்லைக்குப் போனவர் வாயைப் பிளந்தார். "நம்ம கொல்லையா இது!" என்று பிஞ்சு அவரையைப் பச்சையாகவே கடித்தார். நாலைந்து நாள் இருவரும் காலையில் பந்தலுக்கு அடியில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒருநாள் அத்தை வீட்டில் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அதற்கு மறுநாளிலிருந்து அவர் பந்தல்பக்கம் வரவில்லை.

வந்த பன்னிரண்டாம் நாள் பலாமரத்தை மிரட்டினார்கள். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காய்க்காத மரத்தின் முன்னால் ஆண்பிள்ளை கோடாலியோடு போய் வெட்டப்போவதாகச் சத்தம் போடுவார். வீட்டுப் பெண் ஒருத்தி தடுத்து, வருகிற வருடம் காய்க்கும் என்று மரத்துக்காக ஜாமீன் சொல்வாள். மரம் பயந்துபோய்க் காய்க்குமாம். எங்கள் வீட்டில் வழக்கமாக மிரட்டுவது அப்பா, ஜாமீன் அம்மா. அந்த வருடம் அத்தை, "தம்பி இருக்கான்ல, அவனே மெரட்டட்டும்" என்றாள். அவள் எதையும் மனதில் வைத்துச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா கோடாலியின் மழுங்கிய பக்கத்தால் அடிமரத்தில் மூன்று தட்டுத் தட்டினார். வழக்கமான வசனத்தைச் சொன்னார்.

"தண்ணி ஊத்தி எரு வச்சு என்ன புண்ணியம்? ஒரு பிஞ்சக் கண்ணுல காட்டல. இனிமே பொறுக்க மாட்டேன். வெட்டிப்புட்டு வேற கன்னு வச்சிருவேன்!"

"வெட்டாதீங்க தம்பி" என்றாள் அம்மா. "வார வருசம் காய்க்கும். நான் ஜாமீன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்து போயிருக்க வேண்டியது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். அப்போது பந்தலுக்குள்ளிருந்து சித்தி வெளியே வந்தாள். மடியில் பறித்த அவரைக்காய். அப்பா முன்னால் அவள் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, மரத்துக்கு ஜாமீன் சொன்னீங்கள்ல" என்றாள் அம்மாவிடம். "எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். சித்தப்பா கோடாலியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

அத்தைதான் பேசினாள். "எதச் சொல்லி ஜாமீன் நிக்கிறது? ஒன் கை பட்டு எதுடி தழைச்சிருக்கு?"

"இந்தக் கொல்லை தழைச்சிருக்கு மதினி. பூரா என் கை ஊன்னுனது. அந்தப் புள்ள போட்டதெல்லாம் அழுகிப்போச்சு. ஆடி வெள்ளிக்கு நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப நாந்தான் ஊன்னுனேன். தூரமா இருந்தப்ப ஊன்னுனேன், ஒண்ணும் கருகல. பொய்யின்னா அவளயே கேளுங்க."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சித்தியும் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

"சொல்லு ஆத்தா" என்றாள்.

பயந்துவிட்டேன், சின்னப் பிள்ளைதானே என்று நீங்கள் சொல்வீர்கள். வேண்டாம், எனக்கு வக்காலத்து வாங்காதீர்கள். நான் பயப்படவில்லை. என் கண்ணில் தெரிந்தது முந்திரியும் கடலை உருண்டையும், தெருவில் என்னை நிறுத்திக் கன்னத்தை வழிக்கிற பெண்களும்தான். அதெல்லாம் போய்விடும் என்று தோன்றியது.

"இல்ல. நாந்தான் ஊன்னுனேன்" என்றேன்.

சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. யாரோ தெரியாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"சரி ஆத்தா" என்றாள் கடைசியில். "நீதான் ஊன்னுன."

"போதும். உள்ள போம்மா" என்றார் அப்பா. அவள் மடியிலிருந்த அவரைக்காயை அம்மாவின் முறத்தில் கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனார். ஒரு தகரப் பெட்டி, ஒரு துணிப்பை. பஸ் ஏறும்போது அம்மாவிடம், "புடலைக்குக் கட்டுன கல்ல ரெண்டு நாள்ல அவுத்துருங்கக்கா, இல்லன்னா காம்பு அத்துரும்" என்று மட்டும் சொன்னாளாம். யாரும் அவிழ்க்கவில்லை. மார்கழி மழையில் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்த்த ஆளில்லை. போனவள் கண்ணு பட்டுவிட்டது என்றாள் அத்தை. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து அந்தக் கல்யாணத்தை ஒரே மத்தியானத்தில் பேசித் தீர்த்துவிட்டார்கள். சித்தி பிறகு எங்கே, எப்படி இருந்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

போன மாதம் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தேன். கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா இருந்தது நாற்பது நாள். இரண்டரை வருடம் கழித்து வந்து நாற்பத்தைந்து நாள். கோடாலியோடு நின்ற அன்றைக்குப் பன்னிரண்டு நாள். ஆக மொத்தம் தொண்ணூற்றேழு நாள்! ஐந்து வருடம், ஐந்து வருடம் என்று எல்லோரும் அடித்துக்கொண்டார்களே, அது தொண்ணூற்றேழு நாள் குடித்தனம். மூன்றாம் வகுப்புக் கணக்கு. வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார், தினம் நாற்பது பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்தார். இந்த ஒன்றை அவர் போடவில்லை. இத்தனை வயதுவரை நானும் போடவில்லை. பின்னால் சித்தப்பா மஸ்கட்டை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த மறு வருடமே புதுச் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. அப்போதும் அத்தை என் கையைத்தான் பிடித்து, "எல்லாம் இந்தக் கை ராசி" என்றாள்.

என் கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சித்தி போன பிறகு வந்த தை மாதம், முதல் வாரம், புதுப் பெண்ணை நிச்சயம் பண்ணத் திருவரங்குளம் பக்கம் போனோம். நான் சொன்ன ஒரு பொய்யை வைத்து அத்தை ஒரு முடிவு எடுத்திருந்தாள். தாம்பூலத் தட்டை வேறு யாரும் தொடக்கூடாது, கைராசிக்காரிதான் கொடுக்க வேண்டும் என்றுவிட்டாள். எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கை இரண்டிலும் மருதாணி வைத்திருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ, மேலே மடித்த சேலை. தட்டு கனத்தது. கூடம் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, நான் நடுவில் நடந்து போய்ப் பெண்ணின் கையில் கொடுத்தேன். பதினெட்டு வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பெண்ணின் அம்மா எழுந்து வந்து என் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையா? பட்ட கொல்லையத் தழைக்க வச்ச கை இதுதானா?" என்று கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆமாங்க, இதுதான்" என்றேன். அவள் கேட்காமலேயே இடது கையையும் நீட்டினேன்.